யுஎஸ்பியில் ஓடும் கருவிகளும் கரண்ட் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப், போர்ட்டபிள் டிஸ்க் என்று யுஎஸ்பி ஒயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் பொருட்களோடு மல்லுக்கட்டுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். அடிப்படை தெரிந்தவர்கள் 6-வது கேள்வியிலிருந்து படிக்கலாம். முன்னால் சொன்னது தேவைப்படும் இடத்தில் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. யுஎஸ்பி போர்ட்ல எவ்வளவு கரண்ட் எடுக்கலாம்? ஒருத்தர் 500-ங்கிறார், ஒருத்தர் 900-ங்கிறார்.

இருவரும் சொல்வது சரிதான். 2000-ல் வந்த யுஎஸ்பி 2.0-வில் ஒரு 'யூனிட் லோடு' என்பது 100 மில்லி ஆம்பியர். ஒரு கருவி அதிகபட்சம் ஐந்து யூனிட் எடுக்கலாம், ஆக 500. 2008-ல் வந்த யுஎஸ்பி 3.0-வில் ஒரு யூனிட் 150 ஆனது, ஆறு யூனிட் வரை அனுமதி, ஆக 900.

பலர் கவனிக்காமல் விடுவது இன்னொன்று. செருகிய உடனே இந்த முழு அளவையும் எடுக்க உரிமை இல்லை. கம்ப்யூட்டர் கருவியை அடையாளம் கண்டு, அதன் கோரிக்கையை ஏற்கும் வரை ஒரே ஒரு யூனிட்தான். டைப்-சி போர்ட்டின் 1.5, 3 ஆம்பியர் கணக்கு தனி. அதை 12-ல் சொல்கிறேன்.

2. என் போர்டுக்கு 500 மில்லி ஆம்பியர் போதும். 2 ஆம்பியர் சார்ஜர்ல போட்டா எரிஞ்சுடுமா சார்?

எரியாது. சார்ஜர் கரண்டைத் தள்ளுவதில்லை, போர்டுதான் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. சார்ஜரில் எழுதியிருக்கும் 2 ஆம்பியர் என்பது 'இதுவரை தாங்குவேன்' என்ற அளவு. வோல்டேஜ் 5-ஆக இருக்கும்வரை கவலை வேண்டாம்.

ஒரே வித்தியாசம், போர்டில் ஷார்ட் ஆனால் பெரிய சார்ஜர் அதிகக் கரண்டைக் கொடுத்து அதிகம் கருக்கும். புதிதாகச் சால்டர் செய்த போர்டை முதலில் கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பெஞ்ச் சப்ளையில் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

3. 'எனக்கு இவ்வளவு வேணும்'னு டிவைஸ் எப்படிக் கேக்குது?

கருவி தன்னைப் பற்றிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கான்ஃபிகரேஷன் விவரத்தில் ஒரு பைட் இதற்கென்றே இருக்கிறது. அதன் மதிப்பு ஒவ்வொன்றும் 2 மில்லி ஆம்பியர். 500 வேண்டுமென்றால் 250 என்று எழுத வேண்டும், 100 என்றால் 50. யுஎஸ்பி 3.0-வின் வேகமான இணைப்பில் அதே பைட்டின் ஒவ்வொரு எண்ணும் 8 மில்லி ஆம்பியர். லைப்ரரியில் ஏற்கெனவே இருக்கும் எண்ணைத் தொடாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். அது உங்கள் சர்க்யூட்டுக்குப் பொருந்துகிறதா என்று ஒரு முறையாவது பாருங்கள்.

கேட்ட அளவைக் கொடுக்க வழியில்லை என்றால் கம்ப்யூட்டர் அந்தக் கான்ஃபிகரேஷனை ஏற்காது. லினக்ஸில் போதிய மின்சாரம் இல்லாததால் நிராகரித்ததாகக் கர்னல் பதிவில் ஒரு வரி வரும். ஆனால் இதெல்லாம் வாய்ச்சொல் அளவில்தான். 100 என்று எழுதிவிட்டு 400 எடுக்கும் கருவியை இந்த முறை கண்டுபிடிக்காது. யுஎஸ்பி மின்விசிறியும் குட்டி விளக்கும் கேட்பதே இல்லை.

4. அப்போ கேக்காம எடுத்தா யார்தான் தடுப்பாங்க?

பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். போர்ட்டில் இருக்கும் கரண்ட் லிமிட் தீ விபத்தைத் தடுக்க வைத்தது. ரேஷன் கடை நடத்த வைத்ததல்ல. யுஎஸ்பி 2.0 விதிப்படி அது 5 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது, சாதாரணப் பயன்பாட்டில் வெட்டாத அளவுக்கு 500-க்குத் தாராளமாக மேலே இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே வைப்பது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக வைக்கலாம், பல போர்ட்டுகளுக்குச் சேர்த்து ஒன்றாகவும் வைக்கலாம். சேர்த்து வைத்த இடத்தில் ஒரு போர்ட்டில் ஷார்ட் ஆனால் பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் மவுஸும் சேர்ந்து செத்துப்போகும்.

அதனால் 'என் பிசியில் ஓடியது' என்பது எதற்கும் சாட்சி ஆகாது. டெஸ்க்டாப்பில் 800 எடுத்து ஜோராக ஓடும் போர்டு, கறாரான டேப்லெட்டில் செருகியதும் அணைந்துவிடலாம். இரண்டிலும் குற்றம் உங்கள் போர்டுடையதுதான்.

5. லேப்டாப்ல நேரா போட்டா ஓடுது. ஹப்ல போட்டா ரீசெட் ஆயிட்டே இருக்கு. ஹப் மோசமா?

ஹப்புக்குத் தனி அடாப்டர் இல்லை என்றால் அது ஹப்பின் குற்றமில்லை. லேப்டாப் கொடுக்கும் 500-ல் ஒரு யூனிட்டை ஹப் தனக்கு வைத்துக்கொள்ள, மீதி நான்கு யூனிட். அதனால்தான் யுஎஸ்பி 2.0-வில் இப்படிப்பட்ட ஹப்புக்கு நான்கு போர்ட் வரைதான், ஒவ்வொன்றிலும் 100 மில்லி ஆம்பியர்தான். வோல்டேஜும் குறையும்: லேப்டாப் போர்ட்டில் 4.75-க்குக் கீழே போகக்கூடாது என்றிருக்கும் எல்லை, இந்த ஹப்பின் போர்ட்டில் 4.40 வரை இறங்க அனுமதி உண்டு.

கடையில் கிடைக்கும் மலிவு ஹப்புகளில் சில, அடாப்டரே இல்லாமல் 'எனக்குத் தனி சப்ளை இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி ஒவ்வொரு போர்ட்டுக்கும் 500 ஒதுக்கிவிடும். 3-ல் சொன்ன நிராகரிப்பு நடக்காது, நேராக ரீசெட்தான்.

6. மல்டிமீட்டர்ல பாத்தா 5 வோல்ட் இருக்கு. ஆனா வைஃபை ஆன் ஆன உடனே இஎஸ்பி32 ரீபூட் ஆகுது.

மல்டிமீட்டர் காட்டுவது சராசரி. வைஃபை சிக்னல் அனுப்பும் நேரத்தில் இஎஸ்பி32 இழுப்பது சில நூறு மில்லி ஆம்பியர், அதுவும் மிகக் குறுகிய நேரத்துக்கு. அதனால்தான் அதற்குக் குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரும் சப்ளை வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அந்தக் கணத்தில் வோல்டேஜ் பள்ளத்தில் விழுந்து எழுவதை மீட்டர் பார்ப்பதில்லை, வோல்டேஜ் குறைந்ததும் சிப்பை ரீசெட் செய்ய அதற்குள்ளேயே இருக்கும் பிரவுன்அவுட் சர்க்யூட் பார்த்துவிடுகிறது.

பள்ளம் எங்கே உண்டாகிறது என்று வரிசையாகப் பாருங்கள். கேபிளில் கொஞ்சம், கனெக்டரில் கொஞ்சம், பாலிஃப்யூஸிலும் (தானே மீளும் ஃப்யூஸ்) பாதுகாப்பு டயோடிலும் கொஞ்சம், கடைசியில் 5 வோல்ட்டை 3.3 ஆக்கும் ரெகுலேட்டர். பல போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 முழு லோடில் 3.3 வோல்ட் கொடுக்க உள்ளே 4.4-க்கு மேல் வேண்டும். 5-க்கும் 4.4-க்கும் நடுவே 0.6 வோல்ட்தான் இருக்கிறது. வழியில் உள்ள எல்லாரும் அந்த 0.6-ல்தான் பங்கு கேட்கிறார்கள். அலைக்காட்டி (ஆசிலாஸ்கோப்) இருந்தால் ரெகுலேட்டரின் நுழைவுக் காலில் வைத்துப் பாருங்கள், இரண்டே நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

7. கேபிளை மாத்துனா சரியாயிடும்ங்கிறாங்க. அது என்ன மந்திரமா?

வெறும் ஓம் விதி. 28 கேஜ் கம்பிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கரண்ட் போகவும் வரவும் வேண்டும் என்பதால் ஒரு மீட்டர் கேபிளில் கம்பி இரண்டு மீட்டர், ஆக 0.43 ஓம். 500 மில்லி ஆம்பியரில் 0.21 வோல்ட் போச்சு, 1 ஆம்பியரில் 0.43. முந்தைய பதிலில் பார்த்த 0.6-ல் முக்கால் பங்கு இங்கேயே காலி. அதே நீளம் 24 கேஜில் இருந்தால் 1 ஆம்பியருக்கு 0.17 வோல்ட்தான் இழப்பு. எண் குறையக் குறையக் கம்பி தடிமன்.

கேபிளின் மேலுறையில் பொடி எழுத்தில் 28, 24 என்று இரண்டு கேஜ் அச்சிட்டிருந்தால் பொதுவாக முதலாவது டேட்டா கம்பிக்கு, இரண்டாவது பவர் கம்பிக்கு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபிள் வாங்கும்போது நிறத்தையும் பின்னலையும் பார்ப்பதற்குப் பதில் இதைப் படியுங்கள். எதுவுமே அச்சிடாத கேபிளை நான் வாங்குவதில்லை. ராஸ்பெர்ரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் திரையில் மின்னல் சின்னம் காட்டும். அதற்குப் பல நேரம் காரணம் அடாப்டர் அல்ல, இந்தக் கம்பிதான்.

8. அப்போ போர்டுல 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டுட்டா முடிஞ்சுதே?

ஓடும்போது வரும் பள்ளம் சமனாகும், செருகும்போது புதுத் தலைவலி வரும். காலியான கெப்பாசிட்டர் செருகிய கணத்தில் ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். யுஎஸ்பி 2.0 விதி, கருவியின் 5 வோல்ட் நுழைவில் நேரடியாகத் தெரியும் கெப்பாசிட்டன்ஸ் 10 மைக்ரோ ஃபாரட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. போர்ட் பக்கம் குறைந்தது 120 வைத்திருப்பார்கள். 120-ல் இருக்கும் மின்னூட்டம் காலியான 10-க்குப் பங்கு போனால் 5 வோல்ட் 4.6-க்கு வரும், சமாளிக்கலாம். காலியான 100-க்குப் பங்கு போனால் 2.7. பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் பென்டிரைவ் ரீசெட் ஆக அது போதும். 1000 வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பெரிய கெப்பாசிட்டர் கண்டிப்பாக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் மெதுவாகத் திறக்கும் ஒரு லோடு ஸ்விட்ச் வையுங்கள். 100 மைக்ரோ ஃபாரட்டை 100 மில்லி ஆம்பியரில் 5 வோல்ட்டுக்கு நிரப்ப 5 மில்லி வினாடி ஆகும். அந்த வேகத்தில் திறந்தால் யாருக்கும் வலிக்காது. நுழைவில் கெப்பாசிட்டரே இல்லாமலும் விடாதீர்கள், குறைந்தது 1 மைக்ரோ ஃபாரட் வேண்டும். கூடவே, சின்ன செராமிக் கெப்பாசிட்டரும் நீளமான கேபிளின் இண்டக்டன்ஸும் சேர்ந்தால் செருகும்போது வோல்டேஜ் ஏறக்குறைய இரு மடங்கு வரை துள்ளும். 6 வோல்ட் மட்டுமே தாங்கும் சிப்புகள் காரணம் தெரியாமல் சாவது இப்படித்தான். அளவு மீறும் வோல்டேஜை வெட்டும் ஒரு டிவிஎஸ் டயோடு போட்டு வைப்பது நல்லது.

9. பாலிஃப்யூஸ் போட்டாச்சு. தனியா கரண்ட் லிமிட் ஐசி எதுக்கு? காசு தண்டமா?

பாலிஃப்யூஸ் மலிவு, தானே திரும்பி வரும். அதோடு அதன் பெருமை முடிந்தது. 'ஹோல்ட்' (வெட்டாமல் தாங்கும் அளவு) 500 மில்லி ஆம்பியர் என்று எழுதிய பாலிஃப்யூஸின் 'ட்ரிப்' (கண்டிப்பாக வெட்டும் அளவு) 1 ஆம்பியர் என்றிருக்கும். நடுவில் 700 ஓடினால் வெட்டுமா வெட்டாதா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அது சூடாகித்தான் வெட்டும், அதனால் நேரம் எடுக்கும். எழுதியிருக்கும் அளவும் அறை வெப்பநிலைக்குத்தான். மூடிய பெட்டிக்குள் உள்வெப்பம் ஏறினால் அதே ஃப்யூஸ் சாதாரண லோடிலேயே வெட்ட ஆரம்பிக்கும். 'மத்தியானம் மட்டும் நின்னு போகுது' என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பாலிஃப்யூஸ் இருக்கிறதா என்றுதான். ஒரு முறை ட்ரிப் ஆனபின் அதன் ரெசிஸ்டன்ஸ் பழைய அளவுக்கு முழுதாக இறங்காது, 6-ல் சொன்ன 0.6 வோல்ட்டில் நிரந்தரமாகப் பங்கு கேட்கும்.

டிபிஎஸ்2051 போன்ற யுஎஸ்பி பவர் ஸ்விட்ச் ஐசியில் ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் வாக்கில்தான். ஷார்ட்டைக் கண்டதும் சட்டென்று கரண்டைப் பிடித்து நிறுத்தும். மைக்ரோகண்ட்ரோலருக்கு 'ஓவர் கரண்ட்' என்று ஒரு காலில் சொல்லும், வேண்டும்போது ஆன் ஆஃப் செய்யலாம், மெதுவாகத் திறந்து 8-ல் உள்ள சிக்கலையும் சேர்த்துத் தீர்க்கும். அளவை நீங்களே வைக்க வேண்டுமென்றால் டிபிஎஸ்2553 மாதிரி ஒரு ரெசிஸ்டரால் அளவு குறிக்கும் ஐசிகள் உண்டு. என் கருத்து: யார் என்ன செருகுவார் என்று தெரியாத வெளிப் போர்ட் இருந்தால் ஐசிதான். உங்கள் கையிலேயே இருக்கும் ஒற்றைப் போர்டுக்குப் பாலிஃப்யூஸ் போதும்.

10. 8 சேனல் ரிலே மாட்யூலை யூனோவோட 5 வோல்ட் பின்லயே ஓட்டலாமா அண்ணா?

ஒன்றிரண்டு ரிலே என்றால் ஓடும். நீல நிற 5 வோல்ட் ரிலேயின் காயில் 70 ஓம் சுமார், ஒன்றுக்கு 71 மில்லி ஆம்பியர். எட்டும் சேர்ந்து ஆனானால் 570. யூனோ என்ற ஆர்டுயினோ போர்டின் யுஎஸ்பி பாலிஃப்யூஸே 500-க்குத்தான். வண்ண எல்இடி ஸ்ட்ரிப்பும் இதே கதை: டபிள்யூஎஸ்2812 ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை போகும், பத்து எல்இடியிலேயே கணக்கு முடிந்தது.

ரிலேக்கும் ஸ்ட்ரிப்புக்கும் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். ஸ்ட்ரிப்பின் கிரவுண்டை யூனோவின் கிரவுண்டோடு சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சிக்னல் புரியாது.

11. தனி சப்ளை குடுத்தேன். இப்போ பிசியை ஆஃப் பண்ணாலும் மதர்போர்டுல ஒரு லைட் மங்கலா எரியுது!

உங்கள் அடாப்டர் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் ஏற்றிக்கொண்டிருக்கிறது. இது பேக்ஃபீட். கருவி தன் யுஎஸ்பி நுழைவு வழியாக மேலே கரண்ட் அனுப்பவே கூடாது என்பது விதி. தனி அடாப்டர் உள்ள மலிவு ஹப்புகளும் இதைச் செய்யும்.

யூனோவில் ஜாக் வழியாகச் சுமார் 6.6 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் போர்டில் உள்ள கம்பேரட்டர் (வோல்டேஜை ஒப்பிடும் சர்க்யூட்) யுஎஸ்பி பக்கத்து மாஸ்ஃபெட்டை (மின்னணு ஸ்விட்ச்) அணைத்துவிடும், பிரச்சினை இல்லை. நேராக 5 வோல்ட் பின்னில் அடாப்டரைக் கொடுத்தால் அந்தக் காவல் வேலை செய்யாது, வழி திறந்தே இருக்கும். எளிய தீர்வு யுஎஸ்பியின் 5 வோல்ட் கம்பியில் ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் ஷாட்கி டயோடு, ஆனால் 0.3 வோல்ட் அளவுக்கு அது தின்னும், 6-வது கேள்வியைத் திரும்பப் பாருங்கள். ரிவர்ஸ் கரண்டைத் தடுக்கும் லோடு ஸ்விட்ச் போட்டால் அந்த இழப்பும் இல்லை. ஒற்றை மாஸ்ஃபெட்டை மட்டும் நம்பாதீர்கள், அணைந்திருந்தாலும் அதற்குள்ளேயே இருக்கும் பாடி டயோடு ஒரு திசையில் கரண்டை விடும்.

12. டைப்-சி கனெக்டர் வெச்சேன். ஏ-டு-சி கேபிள்ல வேலை செய்யுது, சி-டு-சி-ல ஒண்ணுமே வரலை. ஏன்?

சிசி பின்களில் (எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் டைப்-சி கால்கள்) ரெசிஸ்டர் போட்டிருக்க மாட்டீர்கள். டைப்-சியில் எதுவும் செருகாத போர்ட்டில் 5 வோல்ட்டே இருக்காது. கருவி பக்கம் சிசி1, சிசி2 ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் கிரவுண்டுக்கு இருப்பதைப் பார்த்த பிறகுதான் சார்ஜர் வோல்டேஜைத் திறக்கும். இரண்டு பின்னுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டுச் சிக்கனம் பிடிக்காதீர்கள். 2019-ல் வந்த ராஸ்பெர்ரி பை 4-ன் முதல் பதிப்பில் இதைத்தான் செய்திருந்தார்கள். உள்ளே அடையாளச் சிப் உள்ள கேபிளில் போட்டால் சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே தராது. அடுத்த பதிப்பில் திருத்தினார்கள்.

அதே பின்னில்தான் எவ்வளவு எடுக்கலாம் என்ற தகவலும் இருக்கிறது. சார்ஜர் பக்கம் 5 வோல்ட்டுக்கு 56 கிலோ ஓம் இருந்தால் பழைய யுஎஸ்பி அளவு, 22 என்றால் 1.5 ஆம்பியர், 10 என்றால் 3 ஆம்பியர். உங்கள் 5.1-ஓடு சேர்ந்து சிசி பின்னில் முறையே 0.42, 0.94, 1.69 வோல்ட் அளவில் வரும். வோல்டேஜை எண்ணாக்கும் ஏடிசியால் அதைப் படித்து, 3 ஆம்பியர் உறுதியானால் மட்டும் ஹீட்டரை ஆன் செய் என்று இரண்டு வரி எழுதுவதுதான் மரியாதை. சார்ஜர் இடையில் இந்த அளவை மாற்றவும் செய்யலாம், அதனால் ஒரு முறை படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

13. சுவர்ல மாட்டுற பழைய சார்ஜர்ல பேச யாருமே இல்லையே, போன் எப்படி 1.5 ஆம்பியர் எடுக்குது?

டேட்டா கம்பிகளான டி பிளஸ், டி மைனஸ் இரண்டையும் சார்ஜருக்குள் ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். போன் ஒன்றில் சின்ன வோல்டேஜ் வைத்து மற்றதில் அது வருகிறதா என்று பார்க்கும். வந்தால் இது சார்ஜர், 1.5 ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று புரிந்துகொள்ளும். 2010-ன் பேட்டரி சார்ஜிங் 1.2 விதியில் உள்ள வழி இது. டேட்டா கம்பியே இல்லாத கேபிளில் சார்ஜ் மெதுவாக ஏறுவதன் காரணமும் இதுதான்.

14. சஸ்பெண்ட்ல 2.5 மில்லி ஆம்பியருக்கு மேல எடுக்கக்கூடாதாமே. நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் ஆரம்பத்திலேயே யோசித்திருக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 கம்பியில் 3 மில்லி வினாடி எந்தச் சலனமும் இல்லையென்றால் கருவி சஸ்பெண்ட் என்ற தூக்க நிலைக்குப் போக வேண்டும். அந்த 2.5-ல் டேட்டா கம்பியின் புல்-அப் ரெசிஸ்டரே 0.2 எடுத்துக்கொள்ளும். பலர் தடுக்கி விழுவது பவர் எல்இடியில். 5 வோல்ட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு சிவப்பு எல்இடி மட்டுமே 3 மில்லி ஆம்பியர். மைக்ரோகண்ட்ரோலர் எவ்வளவு ஆழமாகத் தூங்கினாலும் பயனில்லை. அந்த எல்இடியை மைக்ரோகண்ட்ரோலர் காலில் மாட்டித் தூங்கும்போது அணையுங்கள், அல்லது எடுத்தே விடுங்கள். ரெகுலேட்டரும் சும்மா இருக்கும்போதே பல மில்லி ஆம்பியர் குடிக்கும் வகையாக இருக்கலாம், டேட்டாஷீட்டில் பாருங்கள்.

15. லீனியருக்குப் பதிலா பக் கன்வெர்ட்டர் போட்டேன். கரண்ட் குறைஞ்சுது, ஆனா சில போர்ட்ல ஸ்டார்ட்டே ஆகலை. குழப்பமா இருக்கு.

முதல் பாதி எதிர்பார்த்ததுதான். 3.3 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால் லீனியர் ரெகுலேட்டர் யுஎஸ்பியிலிருந்தும் அதே 500-ஐ எடுத்து 0.85 வாட்டைச் சூடாக்கி விடும். வேகமாக ஆன் ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் பக், 90 சதவீதத் திறன் இருந்தால், 370-ஓடு முடித்துவிடும்.

இரண்டாம் பாதிக்குக் காரணம், பக் வாட்டைக் குறைத்துக்கொள்ளாது. நுழைவு வோல்டேஜ் இறங்கினால் அதே வாட்டுக்கு அதிகக் கரண்டை இழுக்கும். கரண்ட் கூடினால் கேபிளில் இழப்பு கூடி வோல்டேஜ் இன்னும் இறங்கும். போர்ட்டில் இருக்கும் லிமிட்டர் கரண்டைப் பிடித்து நிறுத்தும் வகை என்றால் இரண்டும் 3 வோல்ட் வாக்கில் முட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். வோல்டேஜ் இறங்க இறங்க அனுமதிக்கும் கரண்டையும் குறைக்கும் ஃபோல்ட்பேக் வகையில் இன்னும் மோசம், தானாக மீளவே மீளாது. பக்கின் எனேபிள் பின்னில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு, 4.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் மட்டும் ஆன் ஆகும்படி வையுங்கள். சாஃப்ட் ஸ்டார்ட் (மெதுவாகத் தொடங்கும்) நேரத்தைக் கூட்டுங்கள். மோட்டார், வைஃபை இரண்டையும் ஒரே கணத்தில் எழுப்பாதீர்கள்.

16. கடைசியா ஒண்ணு. என் போர்டு நிஜமா எவ்வளவு எடுக்குதுன்னு எப்படி அளக்கிறது?

நடுவில் செருகும் யுஎஸ்பி மீட்டர் சராசரியைக் காட்டும், 6-ல் உள்ள உச்சங்களைக் காட்டாது. 5 வோல்ட் கம்பியை வெட்டி 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதன் இரு முனையிலும் அலைக்காட்டியின் இரண்டு சேனலை வைத்து வித்தியாசத்தைப் பாருங்கள். 10 மில்லி வோல்ட் என்றால் 100 மில்லி ஆம்பியர். அலைக்காட்டியின் கிரவுண்ட் கிளிப்பைப் போர்டின் கிரவுண்டில் மட்டும் மாட்டுங்கள், ரெசிஸ்டரின் முனையில் மாட்டினால் அலைக்காட்டியின் எர்த் வழியாக ஷார்ட் ஆகிவிடும்.

நான்கு நேரங்களை அளந்து எழுதி வையுங்கள்: செருகிய கணம், கம்ப்யூட்டர் ஏற்பதற்கு முன், முழு வேலை, சஸ்பெண்ட். மூன்றாவதில் கிடைத்த உச்சத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்து, 3-ல் சொன்ன கணக்குப்படி மாற்றி அந்தப் பைட்டில் போடுங்கள்.